ஐ.ஆர்.ஏ. கணக்கில் தங்கம்: கட்டணத் தாளில் வராத செலவு

முந்தைய வேலையின் 401 கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருந்த தொகையில் ஏறத்தாழ 50,000 டாலரைத் தங்கத்தில் வைக்கலாம் என்று 2024 நடுவில் முடிவு செய்து, அமெரிக்காவில் 'கோல்டு ஐ.ஆர்.ஏ.' என்ற பெயரில் விற்கப்படும் சேவையைத் தரும் இரண்டு நிறுவனங்களிடம் விவரம் கேட்டேன். ஐ.ஆர்.ஏ. என்பது வரிச் சலுகை கொண்ட தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு; 'கோல்டு' வகையில் தங்கத்தையே வாங்கிப் பெட்டகத்தில் வைப்பார்கள்.

முதல் நிறுவனத்தின் கட்டணத் தாள் ஒரே பக்கம்தான். கணக்குத் தொடங்க 50 டாலர். கணக்கைப் பராமரிக்கும் காப்பு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 100 டாலர். பெட்டக வாடகை, பிறர் தங்கத்தோடு சேர்த்து வைத்தால் 100, நம் தங்கக் காசுகளைத் தனியே பிரித்து வைத்தால் 150. தொகை எவ்வளவானாலும் இந்தக் கட்டணம் மாறாது என்பதால் பெரிய கணக்குக்கு இது மலிவு. 5,000 டாலர் மட்டும் வைப்பவருக்கோ ஆண்டுக்கு 4 சதவீதம் கரைந்துவிடும். இரண்டாவது நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு எந்தக் கட்டணமும் இல்லை என்றது. அதைக் கேட்டு நான் மயங்கியது உண்மை.

ஆனால் நகைக்கடையில் 'சேதாரம் இல்லை' என்ற பலகையைப் பார்த்ததும் செய்கூலி எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதே பழக்கத்தில், ஒரு அவுன்ஸ் தங்கம் கொண்ட, அமெரிக்க அரசு வெளியிடும் அமெரிக்கன் ஈகிள் காசை எனக்கு என்ன விலைக்குத் தருவீர்கள் என்று இருவரிடமும் ஒரே நாளில் கேட்டேன். அன்று சந்தையில் அவுன்ஸ் 2,400 டாலரை ஒட்டி இருந்தது. முதல் நிறுவனம் 2,520 என்றது. இரண்டாவது, தொலைபேசியில் இருமுறை பேச்சை மாற்றிய பிறகு, 2,690 என்றது. பதினெட்டு காசு வாங்கினால் வித்தியாசம் 3,060 டாலர். மூன்று ஆண்டுக் கட்டண விலக்கால் மிச்சமாவதோ தொடக்கக் கட்டணத்தையும் சேர்த்து 650 டாலர். திரும்ப விற்கும்போது சந்தை விலையிலிருந்து எவ்வளவு கழிப்பீர்கள் என்ற கேள்விக்கு, விற்கும் நாளில்தான் சொல்ல முடியும் என்று இரண்டாவது நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. மெருகேற்றிய 'புரூஃப்' காசுகளை வாங்கும்படி அந்த விற்பனையாளர் விடாமல் வற்புறுத்தினார். அவற்றில் உள்ள தங்கமும் அதே ஒரு அவுன்ஸ்தான், விலை மட்டுமே இன்னும் மேலே.

இந்தக் கணக்கில் எந்தத் தங்கத்தையும் வைத்துவிட முடியாது. 99.5 சதவீதத் தூய்மை வேண்டும் என்பது பொது விதி. 22 காரட்டான ஈகிள் காசுக்கு மட்டும் சட்டமே விலக்குத் தருகிறது, அதே 22 காரட்டான தென்னாப்பிரிக்கக் குருகராண்டு காசுக்கு இடமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பவுன் காசுகளையும் இதில் சேர்க்க முடியாது. காசுகளை வீட்டிலேயே வைத்துப் பெட்டக வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று சில விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம்: 2021இல் மெக்நல்டி வழக்கில் அமெரிக்க வரி நீதிமன்றம், அப்படி வீட்டில் வைத்த காசுகளைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டதாகவே கருதி வரி விதித்ததைச் சரியென்று தீர்ப்பளித்தது.

ஆக, கையில் தொட முடியாத தங்கத்துக்குத்தான் இவ்வளவு செலவு என்று தெரிந்த பிறகு, சாதாரண ஐ.ஆர்.ஏ. கணக்கிலேயே வாங்கக்கூடிய, மொத்தமாகத் தங்கத்தை வைத்துக்கொண்டு பங்குச்சந்தையில் பங்குபோல விற்கப்படும் தங்க நிதிகளையும் ஒப்பிட்டேன். பழையதும் பெரியதுமான எஸ்பிடிஆர் கோல்டு ஷேர்ஸ் ஆண்டுக்கு 0.40 சதவீதம் கழிக்கிறது, ஐஷேர்ஸ் கோல்டு டிரஸ்ட் 0.25, எஸ்பிடிஆர் கோல்டு மினிஷேர்ஸ் 0.10. கடைசி நிதியில் 50,000 டாலருக்கு ஆண்டுச் செலவு 50 டாலர்தான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது, என் தரகு நிறுவனம் தனிக் கட்டணமும் வாங்குவதில்லை. முதல் நிறுவனத்திலோ பத்து ஆண்டுகளில் 50 டாலர் தொடக்கக் கட்டணம், சேர்த்து வைக்கும் பெட்டகத்தோடு 2,000 டாலர் ஆண்டுக் கட்டணம், பதினெட்டு காசுக்குச் சந்தை விலைக்கு மேல் 2,160 டாலர் என்று 4,210 டாலர் போய்விடும்.

நிதியில் குறை இல்லாமல் இல்லை. ஓய்வுக் காலத்தில் தங்கக் காசாகவே எடுத்துக்கொள்ளும் வசதி, பெட்டகத் தங்கம் வைத்திருப்பவருக்கு உண்டு, எனக்கு இல்லை. அந்த வசதிக்காகவே வாங்குபவர் முதல் நிறுவனத்தைப் போன்ற நிலையான கட்டணக்காரரிடம், ஒரு காசின் வாங்கும் விலையையும் திரும்ப எடுக்கும் விலையையும் எழுத்தில் பெற்ற பின்பே பணத்தை மாற்றட்டும். நான் மினிஷேர்ஸை வாங்கிவிட்டேன்; இரண்டாவது நிறுவனத்திலிருந்து மட்டும் வாரம் தவறாமல் இன்னும் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது.