'4கே பெட்டி' என்று சொல்லி விற்கிறார்கள், பழைய கேம் வைத்திருப்பவர்கள் கவனம்

கொழும்பில் பழைய பிளேஸ்டேஷனோ செகாவோ இன்னும் வைத்திருந்து, அதைப் புதிய பெரிய டீவியில் போட்டு விளையாட ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போக முதல் இதை வாசியுங்கள். எனக்குப் போனது 18,500 ரூபாய். இன்னொருவருக்கும் போகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணா கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வருகிறார் என்றதும், அலுமாரிக்கு மேலே துணி சுற்றிக் கிடந்த எங்கள் சாம்பல் நிற முதல் பிளேஸ்டேஷனை இறக்கித் துடைத்தேன். கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபோது அப்பா வாங்கித் தந்தது. 21 அங்குல டீவிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்து கிராஷ் பேண்டிகூட் விளையாடுவோம், ஒரு உயிர் போனால் கன்ட்ரோலர் மற்றவர் கைக்கு மாற வேண்டும் என்பது சட்டம். அந்த டீவியை வெள்ளவத்தைக்கு வீடு மாறும்போது பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டோம், இப்போது இருப்பது 55 அங்குல 4கே. அதில் படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் வயரைச் செருகிப் பார்த்தால் எழுத்து எல்லாம் கரைந்து போய், சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வெளியே வழிந்து, கிராஷ் இரண்டு பக்கமும் இழுத்து வைத்த மாதிரி அகலமாக நின்றது.

சரி என்று புறக்கோட்டைப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "தம்பி, இது சும்மா கன்வேர்ட்டர் இல்லை, 4கே அப்ஸ்கேலர், பழைய கேமை அப்படியே கண்ணாடி மாதிரிக் காட்டும்" என்றார். அப்ஸ்கேலர் என்றால் சின்னப் படத்தைப் பெரிய திரைக்கு ஏற்றபடி பெருக்கிக் கொடுக்கிற கருவி. கடையிலிருந்த பெரிய டீவியில் ஓட்டியும் காட்டினார். உண்மையிலேயே நன்றாக இருந்தது, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது. விலையைக் குறைக்கக்கூட நான் அதிகம் கதைக்கவில்லை. பில் கேட்டதற்கு, "வாரன்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு தானே, அது போதும்" என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்து இணைத்தால் முன்பு இருந்த அதே கரைந்த படம். அதோடு புதிதாக ஒரு கரைச்சல்: பொத்தானை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் கிராஷ் குதிக்கிறான். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழியில் நான்கு தடவை விழுந்தேன். கை மறந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். டீவியில் கேம் மோடைப் போட்டும் தாமதம் முழுதாகப் போகவில்லை.

அப்புறம்தான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை. மேலே '4கே' என்று மினுங்குகிற ஸ்டிக்கர், அதன் ஓரம் பக்கவாட்டு வரைக்கும் மடித்து ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பினேன். அடியில் ஒரு சின்ன சுவிட்ச், அதன் ஒரு முனையில் 720, மறு முனையில் 1080 (படத்தின் வரி எண்ணிக்கை, 4கேக்கு மிகக் குறைவு). அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தப் பெட்டிக்குப் போகவே தெரியாது. ஆன்லைனில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிற அதே ஏவி கன்வேர்ட்டர்!

அப்படியென்றால் கடையில் நான் பார்த்தது என்ன? யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது, டீவிக்குப் பின்னால் பென் டிரைவ் மாதிரி ஒரு கேம் ஸ்டிக் தொங்கியது. அது கேமை எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடிக்கிற மென்பொருளில்) ஓட்டி நேரே எச்டிஎம்ஐயில் கொடுக்கிற சாமான், மஞ்சள் வயரே கிடையாது, அது தெளிவாகத்தான் இருக்கும். எனக்கு விற்ற பெட்டி மேசையில் சும்மா லைட் எரிந்துகொண்டு இருந்திருக்கிறது.

மஞ்சள் வயரின் பிரச்சினையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அந்த ஒரே வயரில் வெளிச்சமும் நிறமும் கலந்து வருகின்றன, கலந்ததை முழுதாகப் பிரித்தெடுக்க எந்தப் பெட்டியாலும் முடியாது. இரண்டாவது, அந்தக் காலத்து கன்சோல்களின் பெரும்பாலான கேம்கள் 240 வரிப் படத்தைத்தான் அனுப்பும், பழைய குழாய் டீவி அதை அப்படியே வரைந்துவிடும். மலிவான கன்வேர்ட்டரும் நிறையப் புது டீவிகளும் அதை 480 வரிப் படத்தின் பாதி என்று நினைத்து, அடுத்தடுத்து வருகிற இரண்டு படங்களைச் சேர்த்துப் பின்னப் பார்க்கும். ஓடுகிற உருவத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரித் தெரிவது அதனால்தான், தாமதத்தில் ஒரு பங்கும் அங்கேதான் வருகிறது.

இதற்கென்றே ஒழுங்காகச் செய்த கருவிகள் உண்டு. ஓஎஸ்எஸ்சி என்பது ஒன்று, ரெட்ரோடிங்க் வரிசை இன்னொன்று. அவை 240 வரியை 240 வரியாகவே புரிந்துகொண்டு பெருக்கும். 2023இல் ரெட்ரோடிங்க் 4கே வந்தபோது அதன் விலை 750 டொலர், அதனால் இருபதாயிரம் ரூபாய்க்குள் 4கே அப்ஸ்கேலர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெட்டியில் மஞ்சள் துளை மட்டும்தான் இருக்கிறதென்றால் வேறொன்றும் கேட்காமல் வெளியே வாருங்கள். பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்குச் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது: பச்சை, நீலம், சிவப்பு முனைகளாகப் பிரிந்து வரும் கொம்போனன்ட் வயர். டீவியில் அதற்குரிய துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வயரை மாற்ற முன்னர் கன்சோலின் மெனுவில் கொம்போனன்ட் வெளியீட்டை ஆர்ஜிபி என்ற தெரிவிலிருந்து மற்றத் தெரிவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நிறம் பிழையாக வரும். அதிலே பழைய பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் போட்டால் சில டீவிகள் 240 வரியை ஏற்காமல் சிக்னல் இல்லை என்று சொல்லும், அதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மறுநாளே பெட்டியைத் திருப்பிக் கொண்டு போனேன். முந்தின நாள் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்ட மனிதர், ஸ்டிக்கர் கிளம்பியிருக்கு, வாரன்டி போச்சு, பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். என் பிளேஸ்டேஷனையும் பையில் கொண்டுபோயிருந்தேன், "இதை இணைத்து ஒருமுறை காட்டுங்கள் அண்ணே, தெளிவாக வந்தால் நான் பேசாமல் போகிறேன்" என்றேன். டீவி பிஸி என்றார். கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டத்திலேயே இருக்கிறது, நான் அன்றைக்குப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் பில் இருந்தால் நிலைமை என்னுடையதை விட நல்லது.

அண்ணா வரும்போது நண்பர் ஒருவரிடம் ஓஎஸ்எஸ்சியும் அதற்குரிய ஆர்ஜிபி வயரும் (மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் கொண்டுவருவது) இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். 240ஐ மூன்று மடங்காக்கி 720ஆகப் போட்டதும் கிராஷ் உடைக்கிற மரப்பெட்டியின் பலகைக் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது, டீவியில் அளவை 4:3க்கு மாற்றி ஷார்ப்னஸைப் பூச்சியத்துக்கு இறக்கினோம், முகமும் பழைய முகமாக வந்தது. பொத்தானை அழுத்தினால் அந்தக் கணமே குதிக்கிறான். இரவு இரண்டு மணி வரைக்கும் கன்ட்ரோலரைக் கை மாற்றி மாற்றி விளையாடினோம், அம்மா வந்து சத்தம் போடும் வரைக்கும்.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அதே டீவி, பின்னால் அதே ஸ்டிக், மேசையில் அதே கறுப்புப் பெட்டி. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவனும் அவன் அப்பாவும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் அந்த அப்பாவிடம், வீட்டில் இருக்கிற கன்சோலைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.