பிஸ்கெட் டப்பாவில் கிடைத்த 38 விளையாட்டுகள்: மடிக்கணினியில் மூன்றாண்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு அலமாரியை ஒழித்தபோது, அம்மா சட்டைப் பொத்தான்கள் போட்டுவைத்திருந்த பிஸ்கெட் டப்பாவில் என் பழைய போனின் மெமரி கார்டு கிடைத்தது. உள்ளே 38 ஜார் கோப்புகள், அதாவது பழைய பட்டன் போன்களில் ஓடிய ஜாவா விளையாட்டுகள். எல்லாம் பள்ளி மைதானத்தில் புளூடூத் வழியே கைமாறியவை. போன் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. டர்பனில் மின்வெட்டு உச்சத்திலிருந்த 2023இல், வைஃபை இல்லாத மாலைகளில் பொழுதைப் போக்க இவற்றை மடிக்கணினியில் ஓட்டத் தொடங்கினேன். இன்றுவரை விடவில்லை.

இதற்குப் பழைய போனைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற நிரல் வேண்டும். கேஎமுலேட்டர், ஃப்ரீஜே2எம்இ இரண்டையும் வைத்திருக்கிறேன். அதிகம் திறப்பது இரண்டாவதைத்தான். இலவசம், திறமூலம், கணினியில் ஜாவா இருந்தால் போதும்.

முதல் நாள் ஏமாற்றம்தான். கிரிக்கெட் விளையாட்டைத் திறந்தால் ஆடுகளம் இடது மேல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த ஜார் 176x220 திரைக்காக எழுதப்பட்டது. எமுலேட்டரோ 240x320 என்று எடுத்துக்கொள்கிறது. இயக்கும் கட்டளையின் கடைசியில் 176 220 என்று அளவைச் சேர்த்ததும் எல்லாம் நேரானது. பழைய விளையாட்டு கோணலாகத் தெரிந்தால் கோப்பைக் குறை சொல்லுமுன் திரை அளவைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது விசைகளின் அமைப்பு. போனில் 1, 2, 3 மேலே இருக்கும். கணினியின் எண்பலகையில் 7, 8, 9 மேலே இருக்கும். இருபது ஆண்டுக்கு முன் பழகிய கட்டைவிரல் இந்த மாற்றத்தை ஏற்காது. ஃப்ரீஜே2எம்இ இரண்டு வரிசைகளையும் இடம் மாற்றி வைத்திருக்கிறது: எண்பலகையில் 9ஐ அழுத்தினால் விளையாட்டுக்கு 3 போகும். இதை எழுதியவர் அந்தப் போன்களில் நிச்சயம் விளையாடியிருப்பார். போனில் திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கும் இரண்டு மென்விசைகளுக்கு க்யூ, டபிள்யூ.

ஒரு எச்சரிக்கை. சேமித்த ஆட்டங்கள் 'ஆர்எம்எஸ்' என்ற கோப்புறையில் விழுகின்றன. நிரலை எங்கிருந்து இயக்குகிறோமோ அங்கேயே அது உருவாகிறது. ஒருநாள் வேறிடத்திலிருந்து இயக்கிவிட்டு, மூன்று மாத ஆட்டம் போய்விட்டதென்று கலங்கிப்போனேன். அது பழைய கோப்புறையில் பத்திரமாக இருந்தது. இப்போது வாரம் ஒருமுறை பிரதி எடுக்கிறேன்.

முப்பரிமாண விளையாட்டுகள் நான்கில் இரண்டு கறுப்புத் திரையோடு நின்றுவிட்டன. வேறு சில தலைதெறிக்க ஓடுகின்றன. பழைய போனின் மெதுவான செயலியை நம்பி எழுதியவை அவை.

விளையாட்டுகளோடு கார்டில் மிக்ஸிட் என்ற அரட்டைச் செயலியும் இருந்தது. எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 75 சென்ட் அளவில் போன காலத்தில், ஒன்றிரண்டு சென்டில் பேசவைத்த, எங்கள் நாட்டின் ஸ்டெல்லன்போஷ் ஊரில் பிறந்த செயலி. எங்கள் வகுப்பே அதில்தான் குடியிருந்தது. எமுலேட்டரில் நுழைவுத் திரை வந்தது, பெயரைக் கேட்டது, கொடுத்தேன். இணைப்பைத் தேடிக்கொண்டே நின்றது. சேவையை மூடுவதாக 2015இலேயே அறிவித்துவிட்டார்கள். பேச மறுமுனையில் எதுவும் இல்லை. ஜார் கோப்பை எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் இது திரும்பாது. அன்றிரவு மனம் கனத்துப்போனது.

அக்காவின் கிரிக்கெட் சாதனையும் போனோடு போயிற்று. அது கார்டில் இல்லை, போனின் உள்நினைவகத்தில் இருந்தது. தீபாவளிக்கு வந்தவளிடம் சொன்னேன். "தள்ளி உட்காரு தம்பி" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாப்பாடு ஆறும்வரை எழுந்திருக்கவில்லை. பட்டியலில் இப்போது முதல் மூன்று இடங்களிலும் அவள் பெயர்தான்.