ஒரு முழுநீளப் படமும் 810 ஜிபி ப்ராக்ஸியும்: ஒரு மாடியறை அனுபவம்

மதுரை எஸ்.எஸ். காலனியில் ஒரு மாடியறை. ஒரு விண்டோஸ் கணினி, ஒரு ஏசி, மின்சாரம் போனால் இருபது நிமிடம் தாங்கும் யுபிஎஸ். இந்த அறையில்தான் 2 மணி 5 நிமிடம் ஓடும் படம் ஒன்றை எடிட் செய்து முடித்தேன். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) வெட்டினீர்கள் என்று இன்றும் யாராவது தொலைபேசியில் கேட்கிறார்கள். 'டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி' என்று சொல்லி வைத்துவிடலாம். ஆனால் எங்களை இரவெல்லாம் விழிக்க வைத்த தொல்லைகள் பெரும்பாலும் கோடெக்கால் வரவில்லை. கோப்புப் பெயரும், விநாடிக்கு எத்தனை பிரேம் (தனிப்படம்) என்ற கணக்கும்தான் அவற்றுக்குக் காரணம்.

படப்பிடிப்பு உசிலம்பட்டிப் பக்கத்திலும் கீழக்குயில்குடியிலும் 34 நாள். முதன்மைக் கேமரா புரோரெஸ் 422 என்ற கோடெக்கில், யூஎச்டி (4கே) அளவில், விநாடிக்கு 24 பிரேமில் பதிந்தது. மணிக்குச் சுமார் 212 ஜிபி. 38 மணி நேர ஃபுட்டேஜ் 8 டெராபைட்டைத் தாண்டியது. இரண்டாவது கேமராவும் டிரோனும் எச்.265 என்ற கோடெக்கில் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தவை, 12 மணி நேரம்.

தொடக்கத்தில் ப்ராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் எடுக்கும் சிறிய பிரதி) எதுவும் செய்யாமல் கேமராக் கோப்புகளிலேயே வெட்டினேன். சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. பத்து நாள் தாங்கினேன். நான் வெட்டும் இடத்தைக் காதால் தேடுகிறவன். வசனத்துக்கு முந்தைய மூச்சு எங்கே தொடங்குகிறது என்று அதே இடத்தை முன்னும் பின்னும் பத்துத் தடவை உருட்டிப் பார்ப்பேன். எச்.265 கோப்பில் பின்னோக்கி உருட்டினால் படம் உறைந்து நிற்கும். நான் மூன்று விநாடி தள்ளிப் போன பிறகு அது வந்து சேரும்.

ஏன் என்பதை எங்கள் வீட்டுக்குக் கீழே பூக்கட்டும் அக்காவை வைத்துத்தான் இயக்குநருக்குச் சொன்னேன். எச்.264, எச்.265 இரண்டும் பெரும்பாலான கேமராக்களில் தொடுத்த சரம்போல வருகின்றன. முழுப்படமாக ஒரு பிரேம். அதற்குப் பின் வருபவற்றில் முன்பின் பிரேம்களிலிருந்து மாறியது மட்டும். நடுவில் ஒரு பூ வேண்டுமென்றால் முடிச்சு போட்ட இடத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். புரோரெஸும் டிஎன்எக்ஸ்ஹெச்ஆரும் உதிரிப்பூ. ஒவ்வொரு பிரேமும் தனியாக நிற்கும். எடுத்த எடுப்பில் கைக்கு வரும். கூடை பெரிதாக வேண்டும், அவ்வளவுதான்.

புரோரெஸ் மூலக்கோப்பு உதிரிப்பூதானே, அதிலேயே வெட்டலாமே என்று கேட்கலாம். ஒரு வீடியோவுக்கு விநாடிக்கு 59 மெகாபைட் படிக்க வேண்டும். சாதாரண வன்தட்டில் இரண்டு கேமராவை அடுக்கினாலே திணறுகிறது. 8 டெராபைட்டுக்கு எஸ்எஸ்டி வாங்கும் பணத்தில் எங்கள் படத்தில் நான்கு நாள் படப்பிடிப்பு நடத்தலாம்.

மேக் வைத்திருந்தால் யோசிக்காமல் புரோரெஸ் ப்ராக்ஸிக்குப் போயிருப்பேன். ஆப்பிள் 2007-இல் கொண்டுவந்த குடும்பம் அது. எங்களிடமிருந்த எடிட்டிங் மென்பொருளின் அன்றைய விண்டோஸ் பதிப்பு புரோரெஸைப் படிக்கும், எழுதாது. அதனால் அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி, 1080 அளவில். விநாடிக்கு ஏறத்தாழ 36 மெகாபிட், மணிக்கு 16 ஜிபி. ஐம்பது மணி நேரமும் சேர்த்து 810 ஜிபி. ஒரு டெராபைட் எஸ்எஸ்டிக்குள் முழுப்படமும் அடங்கிவிட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இயக்குநர் வீட்டுக்குப் போய் அவருடைய லேப்டாப்பில் வெட்டினேன். இரண்டு ஆண்டுப் பயன்பாட்டில் இந்தக் கோடெக்கின் மேல் எனக்கு ஒரே குறைதான்: எல்பி 8 பிட், நிறப்படிகள் குறைவு. மாலை வானத்தில் வரிவரியாகப் படிகள் தெரியும். வெட்டுவதற்கு அது ஒரு பொருட்டில்லை, ஆனால் பார்க்க வருகிற தயாரிப்பாளருக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும்.

சமணமலைக்கு மேலே எடுத்த டிரோன் ஷாட்டுகளில் அந்த வரிகள் ப்ராக்ஸியோடு போகவில்லை. மூலக்கோப்பே 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. அந்த டிரோனில் 10 பிட் வசதி இருந்தது, மெனுவில் யாரும் மாற்றவில்லை. டிஐ (நிறச் சீரமைப்பு) செய்தவர் மெல்லிய கிரெயின் (புள்ளிகள்) தூவி ஒருவழியாக ஒப்பேற்றினார். பிறகு என்ன கோடெக்குக்கு மாற்றினாலும் பதிவாகாத நிறம் வரப்போவதில்லை.

இனி ஒரு ஆட்டுக் கதை. இரண்டாவது கேமரா ஒவ்வொரு கார்டிலும் 0001 என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். நாங்கள் கார்டுகளை வெறும் தேதி போட்ட ஃபோல்டர்களில் கொட்டியிருந்தோம். எடிட் முடிந்து, வெட்டுகளின் பட்டியலான எக்ஸ்எம்எல் கோப்போடு மூல வன்தட்டுகளை வைகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். டிஐ கூடத்தில் ப்ராக்ஸியைக் கழற்றி மூலக்கோப்புகளோடு இணைத்தார்கள். கூட வந்த உதவியாளன் என் காதருகே குனிந்து, "அண்ணே, அம்மா அழுகிற இடத்தில் ஆடு மேய்கிறது" என்றான். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே டைம்கோடு (ஒவ்வொரு பிரேமோடும் பதிவாகும் நேர எண்), வேறு கார்டு. அப்படி மாறிப்போன ஷாட்டுகள் 41. எங்களைக் காப்பாற்றியது ஒரு தற்செயல்: ப்ராக்ஸியின் அடியில் கோப்புப் பெயரையும் டைம்கோடையும் எழுத்தாகப் பதித்தபோது உதவியாளன் ஃபோல்டர் பெயரையும் சேர்த்திருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம், இரண்டு நாள். இப்போது கார்டைக் காப்பி செய்யும்போதே நாள், கேமரா, கார்டு எண் மூன்றும் ஃபோல்டர் பெயரில் ஏறிவிடும். அந்தப் பெயரையே, எந்தக் கார்டு என்று காட்டும் ரீல் பெயராக எடுத்துக்கொள்ள மென்பொருளுக்குச் சொல்லிவிடுகிறேன். ப்ராக்ஸி செய்வது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று கரகாட்டக் காட்சி. பத்து நிமிடம் வெட்டாமல் இரண்டு கேமராவில் எடுத்தது. தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியது. முடிவை நெருங்கும்போது தவில்காரரின் கை விழுந்து, அரை விநாடி கழித்து ஓசை வருகிறது. இரண்டாவது கேமராவின் மெனுவில் 24 என்று போட்டிருக்கும்; உள்ளே அது 23.976. ப்ராக்ஸி செய்யும்போது எல்லாவற்றையும் 24 ஆக ஓடும்படி அடித்துவிட்டோம். அப்படிச் செய்தால் படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். மணிக்கு 3.6 விநாடி, பத்து நிமிடத்தில் 14 பிரேம். வசனக் காட்சியில் இரண்டு நிமிட டேக்குகள் என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. தவில் காட்டிக்கொடுத்தது. அந்தக் கேமராவின் ப்ராக்ஸிகளை 23.976-லேயே மறுபடி எடுத்து 24 டைம்லைனில் வைத்தோம். ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒருமுறை ஒரு பிரேம் இரட்டிக்கும். அந்தக் கூட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. திரையரங்குக்கு அனுப்பும் டிசிபி கோப்பும் 24 பிரேம்தான் என்பதால் மற்றபடி சிக்கல் இல்லை.

வன்தட்டு பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில், ஏசி நின்ற ஒரு மதியம், ஒன்று செத்தது. பன்னிரண்டு நாள் ஃபுட்டேஜ் அதில். இரண்டாவது பிரதி என் மாமா வீட்டுப் பீரோவில் இருந்தது. காப்பி செய்யும்போது செக்சம் (பிரதி மூலத்தோடு பிசகாமல் ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்தியதால் அந்தப் பிரதியைத் திறக்கக் கை நடுங்கவில்லை. இழுத்துப் போட்டுக் காப்பி செய்கிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபமே வருகிறது.

எச்.264-ஐ நான் ஒதுக்கிவிடவில்லை. இசையமைப்பாளருக்கும் டப்பிங்குக்கும் அனுப்பிய பிரதிகள் எல்லாம் அதில்தான். 5 மெகாபிட்டில் முழுப்படம் 5 ஜிபிக்குள் அடங்கும். எந்தக் கைபேசியிலும் ஓடும். கொடுத்தனுப்ப அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

போன மாதம் தயாரிப்பாளர் அழைத்து ஒன்றரை நிமிட ட்ரெய்லர் ஒன்று புதிதாக வேண்டும் என்றார். பழைய எஸ்எஸ்டியை லேப்டாப்பில் செருகிப் புராஜெக்டைத் திறந்தேன். முழுப்படமும் அப்படியே வந்து நின்றது. மூன்று ஷாட்டுகள் மட்டும் சிவப்பாக, கோப்பு இல்லை என்று காட்டின. மூன்றும் முதல் நாள் முதல் கார்டு, ஃபோல்டருக்குத் தேதி போடும் பழக்கம்கூட வருவதற்கு முந்தையவை. மாமா வீட்டுப் பீரோச் சாவிக்குச் சொல்லியிருக்கிறேன்.