எல்லை அடைபட்ட காலத்தில் வீட்டு வாசலுக்கு வந்த பணம்: அஞ்சலகச் சேவை பற்றிய என் மதிப்பீடு

கேரளத்தின் குமுளிக்கும் தமிழ்நாட்டின் கம்பத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மலைப்பாதைதான். பேருந்தில் ஏறினால் லோயர் கேம்ப் வரை மலையிறங்கி, கூடலூர் தாண்டி, ஒரு மணி நேரத்துக்குள் கம்பம் போய்விடலாம் என்பதால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் எல்லைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்தே வாழ்ந்து வந்தன. ஏலத்தோட்டத்து வேலை இடுக்கியில் இருக்கும், வீடும் ரேஷன் அட்டையும் தேனி மாவட்டத்தில் இருக்கும். பெண் கொடுத்தது அந்தப் பக்கம், எடுத்தது இந்தப் பக்கம். விடியற்காலையில் ஜீப்பேறி வந்து மாலையில் திரும்பும் கூலிப் பெண்களுக்கு நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்ற நினைப்பே இருந்ததில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அந்த நினைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மட்டும் எந்தப் பாஸும் இல்லாமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அந்த மாதங்களில் நாங்கள் பயன்படுத்திய சேவைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் வாயிலாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து, நம்முடைய எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் ஆதார் வழியாகப் பணம் எடுத்துத் தரும் சேவைதான் அது. இந்த வங்கி 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. பிற வங்கிக் கணக்குகளுக்கும் பணம் எடுத்துத் தரும் வசதி 2019-இல் சேர்ந்தது. ஆனால் தொற்றுக் காலம் வரும்வரை எங்கள் தெருவில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. 2020 ஏப்ரலில் கேரள அரசும் அஞ்சல் துறையும் வெளியில் வர இயலாதவர்களுக்கு இந்த வழியில் பணம் கொடுக்கப்படும் என்று அறிவித்த பிறகே அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், எந்த மாநிலத்துக் கிளையில் இருந்தாலும், அதனுடன் ஆதார் எண் இணைக்கப்பட்டிருந்தால் போதும். தபால்காரர் தம் கைப்பேசியில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண்ணையும் தொகையையும் பதிந்து, சிறு ரேகைக் கருவியை நீட்டுவார். விரல் பதிந்து கணக்கில் பணம் கழிந்ததும் பையிலிருந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பார். பாஸ்புக்கு, ஏ.டி.எம். அட்டை, கையெழுத்து எதுவும் தேவைப்படாது. ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். எங்களிடம் அதற்கென்று அப்போது தனிக் கட்டணம் எதுவும் வாங்கப்படவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ஏலக்காய் பறிக்கும் பெண் ஒருவர் இரண்டு பிள்ளைகளுடன் இருந்தார். அவருடைய கணவர் ஊரடங்குக்கு முந்தைய வாரம் பங்காளி வீட்டுத் துக்கத்துக்காக உத்தமபாளையம் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் அந்த ஊர்க் கிளையில் மனைவியின் கணக்கில் பணம் போட்டுவிட்டார். ஆனால் பணம் கணக்கில் ஏறியதை வைத்துக்கொண்டு இந்த அம்மாவால் பால் வாங்க முடியாது. ஏ.டி.எம். அட்டை கணவரின் சட்டைப் பையில் இருந்தது. தபால்காரர் வந்த அன்று நான் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. ஆட்காட்டி விரலும் அப்படியே. காய் பறித்துப் பறித்துக் கறையேறி, ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை. தபால்காரர் சலித்துக்கொள்ளாமல் ஈரத்துணியால் விரல்களைத் துடைக்கச் சொன்னார். பிறகு நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். இடது கை மோதிர விரலில்தான் கருவியின் சிவப்பு வெளிச்சம் அணைந்து, தொகை கழிந்ததாகச் செய்தி வந்தது. நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அவர் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த அம்மா எடுத்து இருமுறை எண்ணினார். உத்தமபாளையத்தில் போட்ட பணம் குமுளியில் கைக்கு வந்துவிட்டது. இரு அரசுகளின் அனுமதியையும் வாங்கிக்கொண்டு ஓர் ஆள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

என் தாயார் கூடலூரில் தனியாக இருந்தார். அவருக்கு நான் இங்கிருந்து கணக்கில் பணம் அனுப்புவேன். அந்தப் பகுதித் தபால்காரர் எடுத்துக் கொடுப்பார். ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் வந்ததையும் அவரே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அவரைத் தம்பி என்பார். அவர் பெரியம்மா என்று கூப்பிடுவார். பணம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று அவர் எனக்கு ஒரு போன் செய்வார். ‘பெரியம்மாவுக்குக் கொடுத்துட்டேன் அண்ணே, நல்லா இருக்காங்க. ரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும் ஒரு வாரத்துக்குத்தான் வரும் போல’ என்பார். இது வங்கி விதிகளில் எழுதப்பட்டிருக்கும் வேலை அன்று. ஆனால் என் மதிப்பீட்டில் இந்தச் சேவைக்குப் பாதி மதிப்பெண் இதற்குத்தான் போகிறது. அம்மாவிடம் நேரடியாகக் கேட்டால், எல்லாம் இருக்கிறது, நீ கவலைப்படாதே என்று மட்டுமே பதில் வரும். பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள வீடியோவில் பேசியபோதும், அம்மாவின் முகத்தில் பாதியையும் பின்னால் இருந்த காலண்டரையும் பார்த்ததுதான் மிச்சம். வீட்டுக்குள் அடுப்பு எரிகிறதா, கால் வீக்கம் வடிந்திருக்கிறதா என்பதை நேரில் கண்டு சொல்ல ஒரு மூன்றாம் ஆள் வேண்டியிருந்தது.

நேரில் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2020 மே 4 முதல் குமுளி உள்ளிட்ட சோதனைச் சாவடிகள் வழியாக ஊர் திரும்புவோரைக் கேரளம் விடத் தொடங்கியது. அதற்குக் கேரளத்தின் ‘கோவிட் 19 ஜாக்ரதா’ தளத்தில் ஒரு பாஸ், தமிழ்நாட்டின் இ-பாஸ் என இரண்டும் வேண்டும். திரும்பி வந்தால் 14 நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. ஏலக்காய்க் கமிஷன் மண்டியில் தினக் கணக்கு எழுதும் எனக்கு அது சம்பளமில்லாத அரை மாதம். அம்மாவுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேறு.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்காக ஒரு தனியார் கூரியரை நம்பி இரண்டு வாரம் வீணாயிற்று. எல்லையில் நிற்கிறது என்ற பதிலுக்கு மேல் அவர்களிடமிருந்து எதுவும் பெயரவில்லை. கடைசியில் கூடலூர் மருந்துக் கடைக்காரருக்கு இங்கிருந்து பணம் அனுப்பி அங்கேயே வாங்க வைத்தோம். ஒரு மருந்துச் சீட்டின் படமும் தெரிந்த கடைக்காரரும் இருந்தால், பார்சலை மலையேற்றி இறக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். மனச் சுமைக்குக் கேரள சுகாதாரத் துறை ‘ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு’ (தனியாக இல்லை, கூடவே இருக்கிறோம்) என்ற திட்டத்தின் கீழ் தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியது. 1056 என்ற திசா உதவி எண்ணும் இருந்தது. தனிமையில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டாருக்கு அந்த அழைப்பு வந்தது. அன்று அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள் என்று சொன்னார்கள். ஆனால் கையில் காசில்லை என்பதே கவலையாக இருப்பவருக்கு ஆறுதல் பேச்சு எவ்வளவு தூரம் போகும்? எங்கள் தெருவைப் பொறுத்தவரை பணம் முதலிலும் பேச்சு அடுத்தும் வந்ததுதான் சரியான வரிசை.

இந்தச் சேவையின் எல்லைகளையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ரேகை தேய்ந்தவர்களுக்குச் சோதனை நிச்சயம் உண்டு. தோட்ட வேலை, செங்கல் சூளை, பாத்திரம் தேய்ப்பு என்று இருப்பவர்கள் எந்த விரல் பதிகிறது என்பதை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை நேரம் மிச்சமாகும். மலைச்சரிவில் சிக்னல் கிடைக்காத லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். ஒரே ஆதாருடன் இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால் எந்த வங்கியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வங்கியில் கொடுத்திருக்கும் கைப்பேசி எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். குறுஞ்செய்தி வந்தால்தான் கழிந்த தொகை தெரியும். ரேகையைத் திருடிப் பணம் எடுக்கும் மோசடிகள் பின்னாட்களில் வெளிவந்துள்ளதால், தெரியாத ஆள் யாராவது கருவியுடன் வந்தால் விரலைக் கொடுக்காதீர்கள். ஆதார் ஆணையத்தின் செயலியில் ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் வசதி இருக்கிறது; வீட்டில் இளையவர்கள் அதைச் செய்து கொடுக்கலாம்.

2021 டிசம்பரில் இரு மாநிலங்களுக்கு இடையே பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கியதும் நான் முதலில் போனது கூடலூருக்குத்தான் என்று சொல்லத் தேவையில்லை. அதன் பிறகும் அம்மா இந்தச் சேவையை விடவில்லை. வங்கி வாசலில் நிற்பதற்கு வீட்டு வாசலில் நிற்பதே மேல் என்கிறார். கைப்பேசியிலேயே யு.பி.ஐ. வைத்துப் பழகியவர்களுக்கு இது பெரிதாகப் பயன்படாது. வயதானவர்கள், ஏ.டி.எம். பக்கம் போகாதவர்கள், பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கத் தனியாக வசிப்பவர்கள் வீட்டுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: தபால்காரர் பையில் அளவாகத்தான் பணம் இருக்கும். ஐயாயிரத்துக்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே அவரிடமோ அஞ்சலகத்திலோ சொல்லிவிடுவது நல்லது.