ஜூம் எஃப்6: சில சீசன்களாகக் கச்சேரி ரெக்கார்டிங்கில்

காசு வாங்கிக்கொண்டு கச்சேரி ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்தான். மைக் டெஸ்டில் மிருதங்க வித்வான் இரண்டு தட்டு தட்டிவிட்டு "போதும் சார்" என்பார். அதை நம்பி லெவல் வைத்தால், மோரா, கோர்வை என்று முத்தாய்ப்புகள் வரும்போது ஒலி அளவு மீறி, மீட்டர் சிவப்பில் போய் நிற்கும்.

2019இல் வந்த ஜூம் நிறுவனத்தின் எஃப்6 ரெக்கார்டர் அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கியது. ஒவ்வோர் இன்புட்டுக்கும், ஒலியை டிஜிட்டலாக மாற்றும் கன்வர்ட்டர்கள் இரண்டு: உரத்த ஒலிக்கு ஒன்று, மெல்லிய ஒலிக்கு ஒன்று. மிக உரத்த ஒலியையும் மிக மெல்லிய ஒலியையும் தாங்கும் 32 பிட் ஃப்ளோட் வடிவில் பதிவதால், அளவு மீறிப்போன மிருதங்கச் சொல்லைக்கூட எடிட்டிங்கில் இறக்கினால் முழுசாகக் கிடைக்கிறது. குரல், வயலின், மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கம்), தொப்பி (இடப்பக்கம்), கடம், அரங்க ஒலி என்று ஆறு எக்ஸ்எல்ஆர் மைக் இன்புட்டும் சரியாக நிரம்பிவிடும்.

அதற்காக, "ஃப்ளோட் இருக்கே, இனி கிளிப்பே ஆகாது, ஒலி வெட்டுப்படாது" என்று இருந்துவிடக் கூடாது. ஒரு சபாவில் மேடையில் தனி மைக் வைக்க விடவில்லை. மிக்சரிலிருந்து லைன் மட்டும் தந்தார்கள். பாடகி மேல் ஷட்ஜத்தில் நின்றபோதெல்லாம் கரகரப்பு. மிக்சரிலேயே வெட்டுப்பட்டு வந்த ஒலி அது. எஃப்6 அந்த வெட்டை அட்சரம் பிசகாமல் பதிந்து வைத்திருந்தது. பணம் கொடுத்தவரிடம் போய் இந்த விளக்கமெல்லாம் சொல்ல முடியுமா? இப்போதெல்லாம் சொந்த மைக் வைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குகிறேன்.

நாலு ஏஏ பேட்டரி போடலாம். ஆனால் ஆறு மைக்குக்கும் கேபிள் வழியே 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் கொடுத்துவிட்டு அதை நம்பி மூன்று மணி நேரம் உட்கார முடியாது. பின்னால் மாட்டும் சோனி எல் வகை பேட்டரிதான் என் வழக்கம். சபா பிளக் பாயின்ட்டிலிருந்து வரும் 'ஹம்' இரைச்சல் தொல்லையும் இல்லை.

48 கிலோஹெர்ட்ஸில் ஆறு டிராக்கும் சேர்ந்து மணிக்குச் சுமார் 4 ஜிபி. ஃப்ளோட் ஃபைலை அப்படியே அனுப்பினால், "சார், ஃபோன்ல ஓடலை" என்று ராத்திரியே வாட்ஸ்அப் வரும். மிக்ஸ் செய்து 24 பிட்டில் ஒன்று, கேட்பதற்கு எம்பி3 ஒன்று கொடுத்துவிடுங்கள்.

கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான். கல்யாணக் கச்சேரியை இன்னொரு தடவை பாடச் சொல்ல முடியாதே! அதனால் லைன் அவுட்டிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, சின்னக் கைரெக்கார்டரிலும் ஸ்டீரியோவாகப் பதிகிறேன். ஒரே பெட்டியில் இரண்டு கார்டு வேண்டும் என்றால் ஜூமின் எஃப்8என் ப்ரோ ரெக்கார்டர் பக்கம் போகலாம். விலையும் கூடும், தோளில் கனமும் கூடும்.