எழுபது வளைவும் ஒரு 'டக்'கும்: ஆறு வருசம் ஓட்டிய ரோடு சைக்கிள்

திருப்பூரில் இருக்கிற அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். "மாமா, நீங்க வெச்சிருக்கிற அதே சைக்கிள் வெல கொறஞ்சிருக்குதுங்க. எடுத்துரட்டுங்களா?" என்றான். நான் அன்றுதான் மூன்றாவது தடவையாக அதன் பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பெடல் அச்சு சுழலுகிற பேரிங் பகுதியை, மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். "நாளைக்குச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

2019-ல் வாங்கியது. அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா 9 கியர், சக்கர வளையத்தையே பிடிக்கிற ரிம் பிரேக். மீதி விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். இதை நான் வைத்திருப்பது கொல்லிமலைக்காக. மாதம் இரண்டு ஞாயிறு, விடிவதற்கு முன்னால் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீ. பிறகு காரவள்ளி. அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

முதலில் இதன் நல்லதைச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் இந்த சைக்கிள் ஒரு வரம். வாங்கும்போது பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல். முன்னால் சின்னது 34. அந்தக் கணக்கில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி இரண்டரை மீட்டர் போகும். முதல் வருசம் முழுக்க முப்பதாவது வளைவு தாண்டினாலே முழங்கால் கெஞ்சும். இரண்டாம் வருசம் பின்னால் 11-32 கேசட் போட்டேன், பெரிய பல்சக்கரம் 32 பல் உள்ள அடுக்கு. இப்போது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். முப்பது சென்டிமீட்டர்தான் குறைந்தது. அந்த முப்பது சென்டிமீட்டரில் எனக்கு மலையே வேறாகிவிட்டது. உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்காமல், ஒரே சீராக மிதித்துப் போகலாம். இடதுபக்கம் திரும்புகிற வளைவுகளில்தான் சிரமம். நாம் இடது ஓரம் போகிறவர்கள், அந்த உள்விளிம்பில்தான் செங்குத்து அதிகம். அங்கேயும் இது முன்சக்கரம் தூக்காமல், தள்ளாடாமல் ஏறும்.

இவ்வளவு நல்ல வண்டியில் அந்தச் சத்தம்.

வலது கால் கீழே இறங்கும்போது ஒரு 'டக்'. சமதளத்தில் வராது. இறக்கத்தில் வராது. ஏற்றத்தில், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலையில் அந்த வளைவுகளில் வேறு சத்தமே இருக்காது. சிள்வண்டு, எங்கோ கிளையை உலுக்குகிற குரங்கு, மேல் வளைவில் பஸ் ஹாரன், அவ்வளவுதான். அத்தனையின் மேலும் ஆணி அடிக்கிற மாதிரி இது அடித்துக்கொண்டே வந்தது.

கடைக்கு எடுத்துப்போனால் அது வாயைத் திறக்காது. மெக்கானிக் தம்பி தெருவில் இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டு, "ஒண்ணுமே இல்லீங்களேண்ணா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கடைக்கு முன்னால் மலை இல்லை. பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தோம். சீட் போஸ்ட், முன் பல்சக்கரத்து போல்ட், பின்சக்கரத்து குயிக் ரிலீஸ் எல்லாம் துடைத்து இறுக்கியாகிவிட்டது. பத்தாவது வளைவில் மறுபடியும் 'டக்'.

காரணம் பிரேமிலேயே இருந்தது. பழைய சைக்கிளில் பாட்டம் பிராக்கெட்டின் பேரிங்கைப் பிடித்திருக்கிற கப்புக்கு மரை இருக்கும், திருகி இறுக்கலாம். இதில் மரை கிடையாது. நைலான் கப்பை அலுமினிய ஓட்டைக்குள் அப்படியே அழுத்திச் செருகிவிடுகிறார்கள். தூசியும் மழைத் தண்ணியும் உள்ளே போய், அழுத்தி மிதிக்கும்போது கப் மயிரிழை அசைகிறது. அந்த அசைவுதான் சத்தம், குழாய் வழியாகப் பிரேம் முழுக்கப் பரவுவதால் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. முதல் இரண்டு தடவை அதே மாதிரி நைலான் கப்பையே புதிதாகப் போட்டார்கள். ஒன்று மூன்று மாதம் தாங்கியது. இன்னொன்று ஐப்பசி மழை வரைக்கும். இந்த மூன்றாவது தடவை, இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று மரையாகத் திருகிக்கொள்கிற உலோக வகையைக் கேட்டு வாங்கிப் போட்டேன். இந்த வழி முதல் நாளே இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை: இறங்கும்போது இரண்டையும் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் சூடேறிவிடும். வளைவுக்கு முன்னால் அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். மழையில் இறங்கவே வேண்டாம்.

போன ஞாயிறு ஏறினேன். பத்தாவது வளைவு போனது, இருபது, நாற்பது. ஒன்றும் இல்லை. அறுபதுக்கு மேல் காற்று குளிர்ந்தபோது சங்கிலி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. சோளக்காட்டில் நிற்காமல் சீக்குப்பாறை வரைக்கும் போய், சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்தேன். கீழே சமவெளி பனிமூட்டத்தில் இருந்தது. ஏதோ ஒரு ஏரி மட்டும் வெயில் பட்டுத் தகரம் போல மின்னியது. எத்தனையோ தடவை அதே இடத்தில் நின்றிருக்கிறேன். மேலே வந்து சேரும்போது எரிச்சல் இல்லாமல் நின்றது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான். சந்தோசம்தான் வந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருசத்தில் எத்தனையோ காலைகள் போய்விட்டன.

அதனால் மாப்ள, வாங்காதே. இதைவிட நன்றாக ஏறுகிற சைக்கிளை நான் ஓட்டியதில்லை. வெலையும் நியாயம்தான். இருந்தாலும் வேண்டாம். வேறு எதை எடுத்தாலும் கிராங்குக்கு, பெடல் மாட்டுகிற அந்தக் கைக்கு, பக்கத்தில் குனிந்து பார். பிரேமுக்கு வெளியே, சுற்றிலும் பல் வெட்டிய கப் தெரிந்தால் அது மரை வைத்தது. அதை எடு. வாங்கின முதல் ஞாயிறு காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்துவிடு, அஞ்சு மணிக்கு டீக்கடையில் இருப்பேன்.