தோள்மூட்டுக்குக் கீஹோல் ஒப்பரேஷன்: வெட்டினது கொழும்பில், தேறினது திருகோணமலையில்

தம்பிக்குத் தோள் கழன்று கழன்று, நித்திரையில் புரண்டு படுத்தாலே கழலும் என்ற நிலை வந்தபிறகுதான் ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தான். கரப்பந்துக்காரன், இருபது வயது தாண்டினவன். இந்த வயதில் ஒருமுறை கழன்ற தோள் திரும்பவும் கழலுவதுதான் வழமையாம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், கொழும்பில் ஒரு தனியார் இடம். டொக்டருக்கு முழுப் புள்ளி போடலாம். எம்.ஆர்.ஐ. பார்த்தபிறகும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஏன் இன்னொரு செலவு என்று கேட்டதற்கு, தோள்குழியின் முன்விளிம்பு எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்காமல் சின்னத் துளையால் செய்யும் கீஹோல் ஒப்பரேஷன் செய்யக் கூடாது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் வெறும் தையல் நிற்பது சந்தேகம், பக்கத்து எலும்பில் ஒரு துண்டு எடுத்து ஸ்குரூ போடும் லதார்ஜே முறைக்குத்தான் போகவேண்டி வரும் என்று படம் கீறிக் காட்டினார். இவனுக்கு எலும்பு தப்பிவிட்டது. குழியைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற சவ்வு மட்டும் சேலைக்கரை பிரிந்த மாதிரி முன்பக்கம் கழன்றிருந்தது. எலும்பு விளிம்பில் நூல் கோத்த ஆணி மாதிரியான சின்னச் சின்ன அங்கர்களை இறக்கி, அதிலுள்ள நூலால் சவ்வை இழுத்துக் கட்டினார்கள். 1923 இல் பாங்கார்ட் என்ற ஆங்கிலேய டொக்டர் எழுதிவைத்த அதே பழுதுபார்ப்புத்தான், அவர் திறந்து செய்ததை இப்போது கமராவை விட்டுச் செய்கிறார்கள். வெளியே தெரிவது சின்னச் சின்னத் தழும்புகள் மட்டும்.

குறை இரண்டு. முதலில் சொன்ன பக்கேஜ் விலையில் அங்கர் சேரவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்டு பில் வந்தது. போகிறவர்கள் இதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கோ. மற்றது, கழுத்தில் ஊசி போட்டுக் கையை மரக்கப் பண்ணியிருந்தார்கள், அது நடுச்சாமத்தில் தெளிந்ததும் பெடியன் துடித்துப்போனான். தெளிய முன்னமே வலிக் குளிசை கொடுக்கவேண்டும் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

தந்த துண்டில் "பிசியோதெரபி" என்று ஒரே ஒரு சொல். எந்தக் கிழமை என்ன பயிற்சி, ஒன்றும் இல்லை. நல்லகாலம், இங்கே திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் கிடைத்த பிசியோ மிஸ் தானே டொக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டு எழுதி எடுத்தார். முதல் கிழமைகளில் விரலும் முழங்கையும் மட்டும், கையை வெளிப்பக்கம் திருப்பவே விடமாட்டார், இவன் அவசரப்பட்டால் நல்ல ஏச்சு. கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் சிலிங் தான் பெரிய கரைச்சல். நம்முடைய வெயிலுக்கு அக்குள் வெந்து புண்ணாகிப்போகும், உள்ளுக்கு மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தினமும் மாற்றுங்கோ. இரவில் சாய்மனைக் கதிரைதான், கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுக்க ஏலாது.

இப்போது சட்டையைத் தானே போடுகிறான். பந்தடிக்க ஆறு மாதமாவது போகவேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார், அதுவரை உப்புவெளிப் பக்கம் பெடியளின் கரப்பந்துக்கு இவன்தான் அம்பயர்.